கருகிப்போன மீன்சினை

என்னோடு வேலை செய்த சேரின் பையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற தடித்த பிளாஸ்டிக் பை அது. சாப்பாட்டுப் பார்சல், மடித்த குடை, வேலைக் கடிதம், அடையாள அட்டையின் பிரதிகள் மூன்று, மூக்குக் கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் பார்க்கிறவர் கண்ணில் படும்படி அடுக்கி வைத்திருப்பார். ஆமிக்காரன் திறந்து கிண்டத் தேவையில்லையாம். தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டலாமாம். பை திறந்து பார்க்கப்படும் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி பிறக்கும், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் தேவை, தன் சிங்களத்தில் அவ்வளவு பதில்கள் இல்லை என்பார். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மனிதர், சிங்களம் நன்றாகவே பேசுவார். பயம் வந்தால் மட்டும் அது அவரை விட்டுப் போய்விடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, போர்க்காலம். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பழைய மாடி வீட்டில் எங்கள் லேப் இருந்தது. தண்ணீர், உணவுச் சாமான், தொழிற்சாலைக் கழிவு என்று எதைக் கொண்டுவந்தாலும் பரிசோதித்து அறிக்கை கொடுக்கும் தனியார் இடம். எனக்கு இருபத்தேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரசாயனப் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சேர் மீன்களைப் படித்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், அரச வேலையை விட்டுவிட்டு வந்தவர். எனக்கு மீனைப் பற்றிச் சமைக்கிற அளவுக்குத்தான் தெரியும். அவருக்கு என் கண்ணாடிக் குடுவைகளைத் தொடவே பயம். அவர் குளத்திலிருந்து கொண்டுவருவார், நான் அசிட்டில் கரைத்து அளந்து சொல்வேன். எங்கள் வேலைப் பங்கீடு அவ்வளவுதான்.

அவரைப்போலப் பயப்படுகிற ஓர் ஆம்பிளையை நான் அதற்கு முன் கண்டதில்லை. பஸ்ஸில் தமிழில் வாயே திறக்க மாட்டார். நான் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஒவ்வொரு நாளும் வீட்டை விட்டுப் புறப்பட முன்னர் அன்றைய பாதைக்குப் புள்ளி போடுவார். எத்தனை செக்பொயின்ற், முதல் நாள் எங்காவது குண்டு வெடித்ததா, பையில் என்ன இருக்கிறது, நேரம் என்ன, கூட யார் வருகிறார்கள் என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. கூட்டிப் பார்த்துப் பதினைந்துக்கு மேல் வந்தால் சுகயீனம் என்று லீவு போட்டுவிடுவார். “இண்டைக்கு எத்தினை சேர்?” என்று நான் வேண்டுமென்றே கேட்பேன். “பதின்மூண்டு. சிரியும், சிரியும். உம்மடை புள்ளி என்ரையைவிட ரெண்டு கூட, தங்கச்சி. உம்மடை அடையாள அட்டையில ஊர் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு” என்பார். அதோடு என் சிரிப்பு அடங்கிவிடும்.

உண்மையில் அந்தப் புள்ளி விளையாட்டு அவர் தொழிலிலிருந்து வந்ததுதான். கொழும்புக்குத் தெற்கே இரத்மலானைப் பக்கத்தில் கண்ணாடிப் போத்தல் செய்யும் தொழிற்சாலை ஒன்று, தன் கழிவுநீர்க் கால்வாயை அகலமாக்க அனுமதி கேட்டிருந்தது. கண்ணாடியில் இருக்கும் பச்சைச் சாயலை எடுப்பதற்குச் செலனியம் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். மிச்சம் கழுவுநீரோடு போய், விமான நிலைய வேலிக்குப் பின்னால் இருந்த சதுப்பில் விழும். அதனால் அங்கே உள்ள மீனுக்கும் பறவைக்கும் ஆபத்தில்லை என்று எங்கள் லேப் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். தொழிற்சாலை தன் ஆளிடம் நான்கு போத்தல் தண்ணீர் அனுப்பி, இதைப் பார்த்தால் போதும் என்றது. நான் பார்த்தேன். தண்ணீரில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் டைரக்டருக்கு மகிழ்ச்சி.

சேர் ஒப்புக்கொள்ளவில்லை. “தண்ணியை மட்டும் பாத்து ஒண்டும் சொல்லேலாது” என்றார். செலனியம் கொஞ்சம் உடம்புக்கு வேண்டும், அந்தக் கொஞ்சத்துக்குச் சற்று மேலே போனால் நஞ்சு. தண்ணீரில் இல்லாததுபோல இருக்கும். சேற்றில் படியும். சேற்றுப் புழு தின்னும். புழுவை மீன் தின்னும். தாய் மீனுக்கு ஒன்றும் ஆகாது, கொழுத்து நீந்தித் திரியும். ஆனால் அது எல்லாவற்றையும் தன் சினைக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். குஞ்சு பொரிக்கும்போது முதுகு வளைந்து, கண் இல்லாமல், வாய் மூடாமல் வரும். பறவை முட்டையிலும் அதே கதைதான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் குளம் நிறைய மீன். ஒரு நாள் பார்த்தால் கிழட்டு மீன் மட்டும் இருக்கும், பிறகு அதுவும் இராது. ஆகவே தண்ணீர், அடிச்சேறு, புழு, மீன்சினை, பறவை முட்டை ஐந்தையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போட்டுக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகைதான் ஆபத்தைச் சொல்லும். ஒன்றை விட்டாலும் கணக்குச் செல்லாது என்றார். அந்த விஷயத்தில் மட்டும் அவர் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

சதுப்புக்கு முதல் தடவை நானும் போனேன். தொழிற்சாலை தன் வானையும் ஒரு காவலாளியையும் தந்தது. டைரக்டர் ஒரு நாளைக்கு மட்டும் செல்லும் அனுமதிக் கடிதம் ஒன்று எடுத்துத் தந்தார். வேலியோரம் நின்ற விமானப்படைக்காரரிடம் காவலாளி ஏதோ சொல்லிச் சிரித்தான், எங்களை விட்டுவிட்டார்கள். சேர் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினார். அவர் வேறு மனிதராகிவிட்டார். கானாங்கோழிக் கூட்டை விலக்கி, ஒரு முட்டையை எடுத்துச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்து, மிச்சத்தை மூடிவிட்டு, தாய்ப் பறவை திரும்பி வரும்வரை பதுங்கி இருந்து பார்த்தார். வலையில் வந்த திலாப்பியாக் குஞ்சுகளில் சிலவற்றின் முதுகு கேள்விக்குறிபோல வளைந்திருந்தது. ஒன்றுக்குக் கண் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது. “இதை வச்சு ஒண்டும் சொல்லேலாது. எந்தக் குளத்திலயும் ரெண்டொரு பிழையாப் பிறக்கிறது இருக்கு. சினையில எவ்வளவு இருக்கெண்டு நீர்தான் சொல்லவேணும்” என்று அவற்றைச் சிறு போத்தலில் ஸ்பிரிட் ஊற்றி வைத்தார். பிறகு குந்தியிருந்து ஒரு படம் கீறினார். எங்கே எதை எடுத்தோம் என்று காட்ட இலக்கமிட்ட புள்ளிகள், தண்ணீர் ஓடும் திசைக்கு அம்புக்குறி, அடையாளத்துக்கு நேர்க்கோடாக விமான நிலைய வேலி. அந்தப் படத்தைப் பார்த்தபோது இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சதுப்பில் வேலை செய்யும் யாரும் அப்படித்தான் கீறுவார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

சேறும் புழுவும் நன்றாகவே அளந்து முடித்தேன். இரண்டிலும் செலனியம் கூடுதலாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை மீன்சினையையும் முட்டையையும் எடுத்தேன். அவற்றை அசிட்டில் போட்டு, சூட்டுத் தட்டில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்துக் கரைக்க வேண்டும். பக்கத்திலேயே நிற்க வேண்டும். அசிட் வற்றிக் குடுவை கருக விட்டால் போச்சு. மற்ற உலோகங்களென்றால் கருகினாலும் அடியில் கிடக்கும், செலனியம் புகையோடு எழும்பிப் போய்விடும். பிறகு எவ்வளவு அசிட் ஊற்றித் தெளிய வைத்தாலும் வராது. இது எனக்குத் தெரியாததல்ல.

பின்னேரம் மூன்றரை மணியிருக்கும், என் வீட்டுக்கார அம்மா லேப்புக்குப் போன் பண்ணினார். “பிள்ளை, ஒழுங்கை முழுக்கப் பதிவு பாக்க வாறாங்களாம். அஞ்சு மணிக்குள்ள நீர் வீட்டை வந்திடும். நீர் இல்லாட்டி நான் என்னத்தைச் சொல்ல?” என்றார். அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து வைத்திருக்க வேண்டும். சோதனைக்கு வரும்போது படிவத்தில் உள்ள பெயரெல்லாம் ஆளாக நிற்க வேண்டும். ஓர் ஆள் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. போன மாதம்தான் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் ரியூசன் வகுப்பால் அரை மணி பிந்தி வந்து பூசா தடுப்பு முகாமுக்குப் போயிருந்தான். சூட்டுத் தட்டின் திருகியை இரண்டு மடங்கு கூட்டிவிட்டு, மற்றச் சாமான்களை ஒதுக்கி வைக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். பத்து நிமிடம் இருக்காது. அழுகின முள்ளங்கி வாடை ஒன்று வந்தது. ஓடிவந்து பார்த்தால், ஆறு குடுவையும் அடியில் கறுத்துக் காய்ந்திருந்தன.

அன்று பதிவு பார்க்க வந்தபோது நான் வீட்டில் நின்றேன். வெள்ளிக்கிழமை காலையில் வந்து மறுபடி அசிட் ஊற்றித் தெளிய வைத்து அளந்தேன். எதிர்பார்த்தபடி, ஒன்றும் இல்லை என்ற மாதிரி வந்தது. சினையும் முட்டையும் ஒரு துளி மிச்சமில்லை. நான் அந்த எண்களைக் கொப்பியில் எழுதினேன். கை கூசவில்லை என்று சொன்னால் பொய். டைரக்டர் சின்னப் பிழைக்கே ஆளை நிறுத்துகிறவர். வேலை போனால் வேலைக் கடிதம் போய்விடும். கடிதம் இல்லாமல் யாழ்ப்பாணத்துப் பெட்டை ஒருத்திக்குக் கொழும்பில் என்ன வேலை என்று பதிவு பார்க்க வருகிறவன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு தாளில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அது உண்மை. ஆனாலும் அது முழுக் காரணம் இல்லை. சேரின் முன்னால் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன், அதை இழக்கவும் மனம் வரவில்லை.

மதியம் சேர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபடி இருந்தவர், அதை அப்படியே வைத்துவிட்டார். “சேத்துக்குள்ள இருக்கு. புழுவுக்குள்ள இருக்கு. சினையில இல்லையாம். அப்ப புழுவைத் திண்ட மீன் அதை எங்க கொண்டுபோய் வச்சது?” என்று தனக்குத்தானே கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு குடுவை கழுவினேன். என்னை அவர் சந்தேகிக்கவே இல்லை. தன்னைத்தான் சந்தேகித்தார். “நான்தான் பிழை விட்டிருக்கிறன். மேலால மழைத்தண்ணிக் கால்வாயில இருந்து வந்த மீனைப் பிடிச்சுப்போட்டன் போல. முட்டையும் அந்தப் பக்கத்துக் கூடுதானே” என்றார். பிறகு, “நாளைக்குத் திரும்பப் போய் எடுக்கப்போறன்” என்றார்.

“வான் தருவினமோ சேர்?” என்று மட்டும் கேட்டேன். “தரமாட்டினம். ஒருக்காத் தந்ததே பெரிசு. பஸ்ஸில போவன்.” “கடிதம் முடிஞ்சுதே.” “ஓம், முடிஞ்சுது. திங்கக்கிழமை கேட்டா வர ஒரு கிழமை. அதுக்குள்ள கானாங்கோழி பொரிச்சிடும், பிறகு அடுத்த வருசம்தான். டைரக்டர் புதன்கிழமை றிப்போட்டைக் குடுத்திடுவார். ஆபத்தில்லை எண்டு என்ரை கையெழுத்தோட.” நானும் வாறேன் என்றேன், அந்த அளவுக்காவது நாக்கு எழும்பியது. “வேண்டாம் தங்கச்சி, ரெண்டு பேராப் போனா கண்ணில குத்தும்” என்றார். பேப்பர் ஓரத்தில் ஐந்து எண்களை எழுதிக் கூட்டினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இருபத்தொன்று. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்தார்.

நான் கருக்கிப்போட்டேன் சேர் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். சினைக்கு எண் இல்லை என்று எழுதிவிட்டு வீட்டில் இருந்திருப்பார். அந்த வசனம் என் வாய்க்குள் இருந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்வரை இருந்தது. நாலு மணிக்கு அவர் போனார்.

சனிக்கிழமை நான் ஒரு பிடி சோறு தின்னவில்லை. காலி வீதியில் சைரன் போட்டுக்கொண்டு ஏதாவது தெற்குப் பக்கம் போனால் எழும்பி ஜன்னலுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் ஆகியிராது, திங்கட்கிழமை வந்து பதின்மூன்று என்று சொல்வார் என்று என்னை நானே தேற்றினேன். திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஒன்பது மணிக்கு அவருடைய மனைவி கொட்டாஞ்சேனையிலிருந்து போன் எடுத்தார். பாடசாலை ஆசிரியை, எல்லோரும் ரீச்சர் என்றுதான் சொல்வோம். “சனிக்கிழமை வெள்ளண்ணப் போனவர் இன்னும் வரேல்லை. இப்பதான் பொலிசில இருந்து ஆள் வந்து சொல்லிப்போட்டுப் போறாங்கள். வேலியடியில பிடிச்சதாம். என்னவோ கீறின மப் இருந்ததாம்” என்றார். டைரக்டரிடம் ஓடினேன். “நான் அனுப்பேல்லையே. லீவு நாளில ஆர் எங்க போறாங்களெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். தொழிற்சாலை, அப்படி ஒருவரைத் தெரியாது என்றது.

செவ்வாய்க்கிழமை நானும் ரீச்சரும் போனோம். வளைந்த குஞ்சுகள் இருந்த போத்தலைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் சோற்றுக்கு நடுவில் புதைத்து எடுத்துக்கொண்டேன். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். பெட்டியைத் திற என்றால் ஸ்பிரிட் மணக்கும், கண்ணாடிப் போத்தலில் என்ன திரவம் என்று கேட்பார்கள், பிறகு நானும் உள்ளேதான். திறக்கச் சொல்லவில்லை. ரீச்சர் என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

பொலிஸ் நிலையத்துப் பொறுப்பதிகாரியின் மேசையில் சேரின் உலகம் முழுவதும் பரப்பிக் கிடந்தது. பை, குடை, இலக்கமிட்ட போத்தல்கள், மூன்று முட்டை, அந்தப் படம். பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. ஓடுபாதை வேலி, புள்ளிகள், அம்புக்குறிகள். அதை யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள் என்று இவ்வளவு நாளும் தோன்றாதது, ஒரு கணத்தில் தோன்றியது. அதிகாரி சிங்களத்தில் பேசினார், சத்தம் போடவில்லை. கழிவுநீர், மீன், பறவை எல்லாம் கைதி சொல்லிவிட்டான், முதல் தடவை வந்ததற்கு விமானப்படையின் பதிவும் இருக்கிறது என்றார். படத்தின் மேல் விரலை வைத்தார். “அதெல்லாம் சரி நோனா. எடுத்தாச்சு, அளந்தாச்சு, எண்ணும் வந்தாச்சு என்கிறீர்கள். பிறகு ஏன் அந்த ஆள் இரண்டாம் தடவை வந்தான்? தனியாக, கடிதம் இல்லாமல்?”

அந்தக் கேள்விக்குப் பதில் உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. சேரிடம்கூட இல்லை. என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அளந்தது பிழை, பிழை விட்டது நான், சூட்டைக் கூட்டினேன், கருகியது, செலனியம் புகையோடு போய்விட்டது, அதனால் எண் பொய். அதை நம்பி, தான் பிழைவிட்டதாக நினைத்து அவர் திரும்ப வந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்துத் துடைத்து வைத்தேன். அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில்லாத குஞ்சு ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. “இந்தக் குளத்து மீனை வீதியோரத்தில் விற்கிறார்களே” என்றார். “எங்கள் வீட்டிலும் வாங்குகிறோம்.” போத்தலை மேசையில் வைத்தார். பிறகு மறுபடி அதிகாரியாகி, “எப்போது உங்களுக்குத் தெரியும், பிழை என்று?” என்று கேட்டார்.

வியாழக்கிழமையே என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் போகவிட்டாய், இருவரும் பேசி வைத்துச் செய்தீர்களா? “சனிக்கிழமை பின்னேரம்தான் கவனித்தேன்” என்றேன். அவர் அதை எழுதி, என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

யார் யாருக்குப் போன் எடுத்தார்களோ தெரியாது, மறுநாள் பின்னேரம் சேரை விட்டார்கள். படம், போத்தல், முட்டை எதையும் திருப்பித் தரவில்லை. புதன்கிழமை போக வேண்டிய அறிக்கை பிந்தியிருந்தது. சேர் சினைக்கும் முட்டைக்கும் அளவு தெரியாது, தெரியும்வரை ஆகக் கூடிய புள்ளி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். டைரக்டர் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறொருவரின் கையெழுத்தோடு அறிக்கையை அனுப்பினார். கால்வாய் அகலமாகியது. நான் அந்த வேலையில் மேலும் மூன்று வருடம் இருந்தேன், வேலைக் கடிதத்துக்காக. சேர் அடுத்த வருடமே குடும்பத்தோடு கனடா போய்விட்டார். இப்போதும் நான் வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன். பதிவும் இல்லை, செக்பொயின்றும் இல்லை. சதுப்பின் பாதியை நிரப்பி வீடுகள் வந்துவிட்டன. மிச்சத்தில் கொக்கு நிற்கிறது. கானாங்கோழி இருக்கிறதா என்று போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ரீச்சர் போன் எடுப்பார். நீர் அண்டைக்கு வந்திராட்டி இந்த மனுசன் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவருடைய பிள்ளைகளுக்கு நான் ஒரு வீராங்கனை. போன மாதம் சேர் காலமானார் என்று மகள் சொன்னாள். அப்பாவைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ அன்ரி, நினைவுமலரில் போட, உங்களைப் பற்றித்தான் அவர் எப்போதும் கதைப்பார் என்றாள். அதற்கென்று எழுதத் தொடங்கியதுதான் இது. அவளுக்கு அனுப்புவேனா என்று இன்னும் தெரியவில்லை.

சேரை விட்ட அந்தப் பின்னேரம் மூன்று பேரும் பஸ்ஸில் வந்தோம். அவர் ஜன்னலோரம், நடுவில் ரீச்சர், நான் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவருடைய இடது காது வீங்கியிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் காது கேட்கவே இல்லை. கூட்டத்துக்கு நடுவில், வாழ்க்கையில் முதல்முறையாகப் பஸ்ஸில் சத்தமாகத் தமிழில் கதைத்தார். “அப்ப சினையில இருந்திருக்கு, என்ன தங்கச்சி?” “இருந்திருக்கும் சேர். நான்தான் கருக்கிப்போட்டன்” என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, தான் பிழைவிடவில்லை என்ற நிம்மதி. பிறகு, “எப்ப தெரிஞ்சது உமக்கு?” என்று கேட்டுவிட்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பினார். அங்கே பொலிஸ் இல்லை. எழுதிக்கொள்ள யாரும் இல்லை. “நீங்கள் போன பிறகுதான் சேர், சனிக்கிழமை” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “அது எனக்குத் தெரியும். முதலே தெரிஞ்சிருந்தா நீர் என்னைப் போக விட்டிருக்க மாட்டீர்” என்றார்.

வியாழக்கிழமையே எனக்குத் தெரியும், சேர்.